வீட்டு எக்செல் ஷீட்டில் வருமான வரி தப்பாக வருகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

எங்கள் வீட்டில் ஐந்து பேருடைய வருமான வரியை ஒரே எக்செல் ஷீட்டில்தான் போடுகிறேன். நான், மனைவி, தம்பி, ஓய்வு பெற்ற அப்பா, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அத்தை. ஐந்து பேருக்கும் ஐந்து விதமான வருமானம் என்பதால் ஷீட் எத்தனை விதமாகத் தப்பு செய்யுமோ அத்தனையும் பார்த்தாகிவிட்டது. உங்கள் ஷீட் ஒரு தொகை சொல்லி, வருமான வரித்துறையின் போர்டல் வேறு தொகை சொன்னால் எங்கே தேடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் 2025-26 வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். அதனால் பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன்.

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை. கடைசித் தொகையை மட்டும் ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஷீட்டில் ஒரு பத்தியில் உங்கள் எண், பக்கத்துப் பத்தியில் போர்டல் காட்டும் எண் என்று வரிசை வரிசையாக எழுதுங்கள். சம்பளம், வீட்டு வருமானம், மூலதன ஆதாயம், வட்டி முதலிய பிற வருமானம், கழிவுகள், மொத்த வருமானம், ஸ்லாப்படி (வருமானப் படிநிலைப்படி) வரி, தனி விகித வரி, ரிபேட் (வரித் தள்ளுபடி), செஸ் (வரியின் மேல் 4 சதவீதக் கூடுதல்), டிடிஎஸ் (முன்பே பிடித்த வரி), தாமத வட்டி, இதே ஒழுங்கில். மேலிருந்து வரும்போது இரண்டு பத்தியும் எந்த வரிசையில் முதன்முதலாகப் பிரிகிறதோ அங்கேதான் பிழை இருக்கிறது. அதற்குக் கீழே தெரியும் வித்தியாசம் எல்லாம் அதன் விளைவு மட்டுமே. இதைச் செய்யாமல் கீழே உள்ள செஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விட்டிருக்கிறேன், பிழை இருந்தது எங்கோ மேலே ஒரு வட்டி வரிசையில்.

சம்பளத்தைக் கூட்டினால் மொத்தம் குறைவாக வருகிறது

இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். ஃபார்ம் 16 (கம்பெனி தரும் சம்பள வரிச் சான்று) பிடிஎஃப்பிலிருந்தோ வங்கி ஸ்டேட்மென்டிலிருந்தோ எண்ணைக் காப்பி செய்து ஒட்டும்போது கூடவே ஒரு இடைவெளியோ "ரூ." என்ற எழுத்தோ ஒட்டிக்கொண்டு வரும். பார்வைக்கு எண்தான், எக்செல்லுக்கு அது எழுத்து. சம் ஃபார்முலா எழுத்தாக இருக்கும் செல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழைச் செய்தி கூடக் காட்டாது. கண்டுபிடிப்பது எளிது. செல்லுக்கு நீங்களாக எந்த அலைன்மென்டும் கொடுக்காமல் விட்டால் எண் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் நிற்கும். அடியில் நிலைப்பட்டையில் வலது கிளிக் செய்து Numerical Count என்பதை டிக் செய்துவிட்டு, மாதச் செல்களைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை எண்கள் என்று அங்கே காட்டும். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் பதினொன்று என்று வந்தால் ஒரு செல் எழுத்தாக இருக்கிறது. அதை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள், அதுதான் சுத்தமான வழி.

இன்னொரு காரணம், மார்ச்சுக்குக் கீழே பிறகு செருகிய வரிசை. அரியர், போனஸ், விடுப்புச் சம்பளம் எல்லாம் கடைசியில்தான் ஞாபகம் வரும். மொத்தத்துக்கு நேர் மேலே வரிசை செருகினால் ஃபார்முலாவின் எல்லை சில நேரம் தானாக நீளாது. மொத்தத்துக்கு மேலே எப்போதும் ஒரு வெற்று வரிசை விட்டு, அந்த வெற்று வரிசையையும் சேர்த்து ஃபார்முலா எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வருமானம் எவ்வளவு போட்டாலும் 30 சதவீத ஸ்லாபுக்கே போகிறது

மேலே சொன்ன அதே நோய்தான், வேறு முகம். எக்செல்லில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது. 3,00,000 என்பது எழுத்தாக இருந்தால் "24,00,000-ஐ விடப் பெரியதா" என்ற கேள்விக்கு எக்செல் ஆமாம் என்றே சொல்லும். மொத்த வருமானம் உள்ள செல்லையும் அதற்குள் வரும் செல்களையும் பாருங்கள், ஒன்று இடது ஓரம் நிற்கும்.

ஸ்லாப் தாண்டியதும் வரி பல மடங்காகிறது, அல்லது 8 லட்சத்துக்கு மேலும் 5 சதவீதமே போடுகிறது

முதல்முறை ஷீட் போடும் எல்லோரும் இஃப் ஃபார்முலாவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார்கள். அதில் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்று, முழு வருமானத்தையும் கடைசி ஸ்லாபின் விகிதத்தால் பெருக்கிவிடுவது. 16,25,000 வருமானத்தை அப்படியே 20 சதவீதத்தால் பெருக்கினால் 3,25,000 வரும். சரியான வரி, செஸ்ஸுக்கு முன், 1,25,000 மட்டுமே. இன்னொன்று, "4 லட்சத்துக்கு மேலா" என்ற கேள்வியை முதலில் கேட்பது. 20 லட்சமும் 4 லட்சத்துக்கு மேல்தானே, முதல் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடுவதால் அடுத்த கேள்விகளுக்கு எக்செல் போகவே போகாது.

இஃப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. வரி போட இரண்டு முறை உண்டு: பெரும்பாலான கழிவுகள் கிடைக்காத புதிய முறை, கழிவுகள் உள்ள பழைய முறை. புதிய முறையின் ஸ்லாபுகள் 4, 8, 12, 16, 20, 24 லட்சம். 4 வரை வரி இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், அப்புறம் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 10, 15, 20, 25, கடைசியில் 24-க்கு மேல் 30. கவனித்தால், ஒவ்வொரு படியிலும் விகிதம் சரியாக 5 சதவீதம் ஏறுகிறது. ஆகவே ஆறு எல்லைகளையும் ஆறு செல்லில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "வருமானம் கழித்தல் எல்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம்" என்று மேக்ஸ் ஃபார்முலா போட்டு, ஆறையும் கூட்டி 5 சதவீதத்தால் பெருக்கினால் முடிந்தது. 16 லட்சத்துக்கு 12, 8, 4 கூட்டினால் 24 லட்சம், அதில் 5 சதவீதம் 1,20,000. சரியாக இருக்கிறதா பாருங்கள்.

பழைய முறைக்கும் இதே வழி ஒத்துவரும், எல்லைக்கு எல்லை ஏற்றம் மட்டும் வேறு: 2.5 லட்சத்தில் 5 சதவீதம், 5 லட்சத்தில் கூடுதலாக 15, 10 லட்சத்தில் கூடுதலாக 10. அறுபது வயது ஆனவர்களுக்கு முதல் எல்லை 3 லட்சம். எண்பது ஆனவர்களுக்கு 5 லட்சம் வரை வரி இல்லாததால் அந்த எல்லையில் 20 சதவீதம், 10 லட்சத்தில் கூடுதலாக 10 என்று இரண்டே படிதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த வயதுச் சலுகை பழைய முறையில் மட்டும். அப்பாவுக்குப் புதிய முறையில் போடும்போதும் வயதைப் பார்த்து எல்லையை மாற்றும்படி ஃபார்முலா எழுதி வைத்திருந்தேன். புதிய முறையில் எல்லா வயதுக்கும் 4 லட்சம்தான்.

12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியதும் வரி 60,000-க்கு மேல் குதிக்கிறது

மொத்த வருமானம் 12 லட்சம் வரை என்றால் புதிய முறையில் 87ஏ ரிபேட் 60,000 வரை கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். 12,10,000 என்றால்? வெறும் ஸ்லாப் கணக்கு 61,500 என்று காட்டும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 வரி கட்டச் சொல்வது நியாயமில்லை என்பதால் சட்டமே மார்ஜினல் ரிலீஃப் கொடுக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதற்கு மேல் வரி போகக்கூடாது. ஆக வரி 10,000, செஸ் 400, மொத்தம் 10,400.

ஷீட்டில் இப்படி எழுதுங்கள். வருமானம் 12 லட்சமோ அதற்குக் கீழேயோ என்றால் ரிபேட் என்பது ஸ்லாப் வரி, 60,000 இரண்டில் சிறியது. 12 லட்சத்துக்கு மேல் என்றால், ஸ்லாப் வரியிலிருந்து "வருமானம் கழித்தல் 12 லட்சம்" என்பதைக் கழித்து, மிச்சம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அதுவே ரிலீஃப். இந்தச் சலுகை ஏறக்குறைய 12,70,588 ரூபாயில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஸ்லாப் வரி முழுதாகக் கட்ட வேண்டும். இந்த வரிசை செஸ்ஸுக்கு முன்னால் வர வேண்டும். செஸ் சேர்த்த பிறகு ரிலீஃப் கழித்தால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூட வித்தியாசம் வந்து குழப்பும்.

பழைய முறையில் ரிபேட் 5 லட்சம் வருமானம் வரை 12,500. அங்கே இந்த ரிலீஃப் கிடையாது, 5 லட்சத்தைப் பத்து ரூபாய் தாண்டினாலும் முழு வரிதான். அதனால் இரண்டு முறைக்கும் ஒரே ரிபேட் ஃபார்முலாவை இழுத்து விடாதீர்கள்.

ஷீட்டில் வரி பூஜ்யம், போர்டலில் பெரிய தொகை

முதலில் கேட்க வேண்டியது: இந்த வருடம் பங்கு அல்லது மியூச்சுவல் ஃபண்டு விற்றீர்களா? 8 லட்சம் சம்பளம், அதாவது சம்பளத்தில் கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போனபின். அதோடு ஒரு வருடத்துக்குள் வாங்கி விற்ற பங்கில் 2 லட்சம் ஆதாயம். மொத்தம் 10 லட்சம், 12-க்குக் கீழே, ரிபேட் உண்டு, வரி இல்லை என்று ஷீட் சொல்லும். அது தப்பு. 8 லட்சத்துக்கான 20,000 ரிபேட்டில் போய்விடும், சரி. ஆனால் குறுகிய கால ஆதாயத்துக்கு 111ஏ பிரிவின் 20 சதவீதம் தனி, அதன் மேல் ரிபேட் கிடையாது. 40,000, செஸ் 1,600, ஆக 41,600 கட்ட வேண்டும். 112ஏ பிரிவில் வரும் நீண்ட கால ஆதாயமும் இப்படித்தான். 1,25,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 3 லட்சம் ஆதாயம் என்றால் 1,75,000-க்கு 21,875, செஸ் தனி.

ஆகவே மொத்த வருமானத்தை ஒரே செல்லில் வைத்து ஸ்லாப் போடும் ஷீட் இங்கே ஒருநாளும் சரியாக வராது. ஸ்லாப் வருமானம் ஒரு வரிசை, தனி விகித வருமானம் ஒவ்வொன்றும் ஒரு வரிசை, இரண்டு வரியும் தனித்தனி, புதிய முறையில் ரிபேட் ஸ்லாப் வரியை மட்டும் தொட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: ஷீட்டில் வரி அதிகம், போர்டலில் குறைவு. மற்ற வருமானம் குறைவாக இருந்து பங்கு ஆதாயம் மட்டும் அதிகமாக இருப்பவர்களுக்கு இது வரும். வட்டி 2 லட்சம், குறுகிய கால ஆதாயம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட் 3 லட்சத்துக்கு 20 சதவீதம், 60,000 என்று போடும். ஆனால் 4 லட்சம் அடிப்படை வரம்பில் வட்டி 2 லட்சத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மிச்சமுள்ள 2 லட்சத்தை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1 லட்சத்துக்கு மட்டும் வரி, 20,000, செஸ்ஸோடு 20,800. கிட்டத்தட்ட நாற்பதாயிரம் வித்தியாசம். வீட்டில் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பங்கு வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்.

இரண்டு ஃபார்ம் 16-லும் வரி பூஜ்யம், சேர்த்தால் லட்சத்துக்கு மேல் வருகிறது

இதில் ஷீட்டின் மேல் தப்பே இல்லை, ஷீட் சொல்வதை நம்புங்கள். தம்பி 2025 அக்டோபரில் வேலை மாறினான். முதல் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு 7 லட்சம், இரண்டாவதில் ஆறு மாதத்துக்கு 9 லட்சம். இரண்டு கம்பெனியும் தங்கள் பங்குக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழித்து, வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே என்று பார்த்து, ஒரு ரூபாய் கூட டிடிஎஸ் பிடிக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. வருமானம் ஒரே ஆளுடையது என்பது மட்டும் எந்தக் கம்பெனிக்கும் தெரியவில்லை. பழைய கம்பெனிச் சம்பளத்தை ஃபார்ம் 12பி மூலம் புதிய கம்பெனிக்குச் சொல்லலாம் என்பது எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

ஷீட்டில் சேர்த்தால் 16 லட்சம், அதில் 75,000 ஒரே ஒரு முறை போக 15,25,000. ஸ்லாப் வரி 60,000, அதோடு 3,25,000-க்கு 15 சதவீதமாக 48,750, ஆக 1,08,750. செஸ் 4,350 சேர்த்து 1,13,100. ஷீட்டில்தான் எங்கோ கோளாறு என்று அவன் இரண்டு நாள் வாதாடினான். கோளாறு இல்லை, முழுதும் கட்ட வேண்டிய வரி. இதை நாங்கள் 2026 மே மாதமே கண்டுபிடித்ததால் தாமத வட்டி கொஞ்சம் குறைந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தச் சூழ்நிலையில் ஷீட்டில் வரக்கூடிய உண்மையான பிழை வேறு. இரண்டு ஃபார்ம் 16-லிருந்தும் "சம்பளத் தலைப்பில் வரும் வருமானம்" என்ற கடைசி வரிசையை எடுத்துக் கூட்டினால் 75,000 இரண்டு முறை கழிந்திருக்கும். 17(1) பிரிவில் காட்டியிருக்கும் மொத்தச் சம்பளத்தை எடுத்துக் கூட்டுங்கள், கழிவை நீங்கள் ஒரு முறை போடுங்கள். ஒரே வேலையில் இருப்பவர்களும் கழித்த தொகையை எடுத்துப் போட்டு மறுபடி 75,000 கழித்துவிடுவதுண்டு. போர்டலை விட உங்கள் மொத்த வருமானம் சரியாக 75,000 குறைவாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

வித்தியாசம் 50,000 அல்லது 75,000 என்று வட்டமாக வந்தால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் புதிய முறையில் 75,000, பழைய முறையில் 50,000. அதுபோல, அப்பா வாங்கும் ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வரும், அதற்கு இந்தக் கழிவு உண்டு. அத்தை வாங்கும் குடும்ப ஓய்வூதியம் பிற வருமானத் தலைப்பில் வரும். அதற்குக் கழிவு, தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் சிறியது. பழைய முறையில் அந்த 25,000 என்பது 15,000. அத்தையின் கணக்கில் இரண்டு வருடம் இதைத் தப்பாக வைத்திருந்தேன். வருமானம் ரிபேட் எல்லைக்குக் கீழே இருந்ததால் வரி மாறாமல் பிழை வெளியே தெரியாமலே கிடந்தது. விடை சரியாக வருகிறது என்பதால் ஷீட் சரி என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு முறையிலும் கிட்டத்தட்ட ஒரே வரி வருகிறது

கழிவுகள் இரண்டு கணக்குக்கும் ஒரே செல்லிலிருந்து போகின்றன என்று அர்த்தம். புதிய முறையில் 80சி (சேமிப்பு, ஆயுள் காப்பீடு), 80டி (மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகைப் படி விலக்கு, தொழில் வரி, சேமிப்பு வட்டிக்கான கழிவு எதுவும் கிடையாது. என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி போடும் பங்குக்கு 80சிசிடி(2) மட்டும் உண்டு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் 14 சதவீதம் வரை. வீட்டுக்கடன் வட்டியும் கவனிக்க வேண்டியது. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய முறையில் 2 லட்சம் வரை கழிக்கலாம், புதிய முறையில் பூஜ்யம். ஷீட்டில் மைனஸ் 2,00,000 என்று ஒரு செல் இருந்து அது இரண்டு பத்திக்கும் ஓடிக்கொண்டிருந்தால் புதிய முறை இல்லாத லாபத்தைக் காட்டும். ஒவ்வொரு கழிவுக்கும் எதிரே பழையது, புதியது என்று இரண்டு செல் வைத்து, புதியதில் கிடையாது என்றால் பூஜ்யம் என்று கையால் எழுதிவிடுங்கள். காலியாக விடாதீர்கள், அடுத்த வருடம் மறந்துபோய் நிரப்பிவிடுவீர்கள்.

வீட்டு வாடகைப் படி விலக்கு மைனஸில் வருகிறது, அல்லது வியக்கும்படி அதிகம் வருகிறது

பழைய முறை எடுப்பவர்களுக்கு மட்டும் இது. மூன்று தொகையில் சிறியதுதான் விலக்கு: வாங்கிய படி, கொடுத்த வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதம் போக மிச்சம், சம்பளத்தில் 40 சதவீதம். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்றால் 50 சதவீதம். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான், மொத்தச் சம்பளத்தைப் போட்டால் கணக்கு கெடும். கோவையில் அடிப்படைச் சம்பளம் 40,000, படி 16,000, வாடகை 12,000 என்றால் மாதம் 8,000-தான் விலக்கு. வாடகை 3,500 என்றால் இரண்டாவது தொகை மைனஸ் 500. சிறியதை எடுக்கும் மின் (MIN) ஃபார்முலா அதைத்தான் சிறியது என்று எடுத்து வருமானத்தோடு 500-ஐக் கூட்டிவிடும். முழு ஃபார்முலாவையும் மேக்ஸுக்குள் வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுங்கள். நடுவில் சம்பளமோ வாடகையோ மாறியிருந்தால் வருடத்துக்கு ஒரே கணக்காகப் போடாமல் மாதம் மாதமாகப் போட்டுக் கூட்டுங்கள்.

வட்டி வருமானம் ஏஐஎஸ்ஸோடு பொருந்தவில்லை

ஏஐஎஸ் என்பது உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள விவரப் பட்டியல். வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகையை எழுதியிருப்பீர்கள். வைப்புத்தொகைக்கு வட்டி 80,000, அதில் 10 சதவீதம் டிடிஎஸ் 8,000 போக உங்களுக்கு வந்தது 72,000. ஷீட்டில் வருமானமாக 80,000 எழுத வேண்டும், 8,000-ஐ டிடிஎஸ் வரிசையில் எழுத வேண்டும். 72,000-ஐ வருமானமாகப் போட்டு 8,000-ஐயும் கழித்துக் கேட்டால் அந்த 8,000-க்கு வரி காட்டாமல் விட்டதாக ஆகும். முதிர்வு அடுத்த வருடம்தானே என்று வட்டியை எழுதாமல் விடுவதும் உண்டு. ஆனால் வங்கி வருடா வருடம் சேரும் வட்டிக்கே டிடிஎஸ் பிடித்து 26ஏஎஸ்ஸில் (பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) ஏற்றிவிடும், டிடிஎஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டியை விட்டுவிட முடியாது.

தாமத வட்டி பொருந்தவில்லை

தம்பி கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். டிடிஎஸ் போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி இருந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுதும். அவன் எதுவும் கட்டவில்லை. தவணை தவறியதற்கான 234சி வட்டி முதல் மூன்று தவணைக்கும் மூன்று மூன்று சதவீதம், கடைசிக்கு 1 சதவீதம். வெறுமனே பெருக்கினால் 5,711 ரூபாய்க்கு மேல் வருகிறது, போர்டல் 5,706 காட்டியது. இதற்குத்தான் நான் அதிக நேரம் தேடினேன். வட்டி போடும் முன் தொகையை நூறின் மடங்காகக் கீழே இறக்க வேண்டும் என்று 119ஏ விதி சொல்கிறது. 16,965 என்பது 16,900, 50,895 என்பது 50,800, 84,825 என்பது 84,800. இப்படிப் போட்டால் 507, 1,524, 2,544, 1,131, கூட்டினால் சரியாக 5,706. ரவுண்ட்டவுன் ஃபார்முலாவில் மைனஸ் 2 கொடுத்தால் போதும்.

முன்கூட்டிய வரி கட்டாததற்கான 234பி வட்டி ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். மே மாதம் கட்டியதால் இரண்டு மாதத்துக்கு 2,262. ஜூலை வரை விட்டிருந்தால் 4,524 ஆகியிருக்கும். வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரியே கிடையாது, அப்பா பத்தியில் இந்த இரண்டு வரிசையும் பூஜ்யம்.

முன்கூட்டிய வரி கட்டியும் 234சி வட்டி தப்பாக வந்தால் தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க தேதி அமைப்பில் இருந்தால் 12/09/2025 என்று நீங்கள் எழுதியதை டிசம்பர் 9 என்று எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் தவணை தவறிப்போனதாக ஷீட் வட்டி போடும். மாதத்தின் பெயர் தெரியும்படி தேதியின் வடிவத்தை மாற்றிவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வித்தியாசம்

மொத்த வருமானத்தை 288ஏ படி அருகிலுள்ள பத்துக்கும், கடைசியில் கட்ட வேண்டிய தொகையை 288பி படி அருகிலுள்ள பத்துக்கும் திருத்த வேண்டும். இடையில் பைசாவை மறைக்க செல் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தால் கண்ணுக்குத்தான் மறையும், கணக்கில் அப்படியே இருக்கும். ரவுண்ட் ஃபார்முலா போடுங்கள்.

போன வருட ஷீட்டைக் காப்பி செய்ததும் ரிபேட் மட்டும் தப்பு

2024-25-இல் புதிய முறை ரிபேட் எல்லை 7 லட்சம், தொகை 25,000. ஸ்லாப் அட்டவணையை மாற்றியிருப்பீர்கள், ஏதோ ஒரு ஃபார்முலாவுக்குள் 700000 என்று எண்ணாகவே எழுதியது அப்படியே உட்கார்ந்திருக்கும். தேடல் பெட்டியில் 700000, 25000 இரண்டையும் ஃபார்முலாவுக்குள் தேடச் சொல்லித் தேடுங்கள். பிறகு எல்லா எல்லைகளையும் விகிதங்களையும் தனி ஷீட்டில் வைத்து அங்கிருந்தே எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். அப்படி வைக்கும்போது 80டிடிபி (80TTB) என்று பிரிவு எண்ணை மட்டும் பெயராக வைக்காமல் "மூத்தோர் வட்டிக் கழிவு" என்று வார்த்தையிலும் எழுதுங்கள். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, அடுத்த வருடம் பெயர்தான் வழிகாட்டும்.

எல்லாம் திருத்தியாகிவிட்டது, இப்போது சரியா என்று தெரியவில்லை

உங்கள் உண்மையான வருமானத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், விடை தெரிந்த எண்களை வைத்துச் சோதியுங்கள். ஸ்லாப் வருமானம் மட்டும், செஸ்ஸோடு சேர்த்து, புதிய முறையில்:

12,00,000 என்றால் 0
12,10,000 என்றால் 10,400
16,00,000 என்றால் 1,24,800
24,00,000 என்றால் 3,12,000
50,00,000 என்றால் 11,23,200

பழைய முறையில், அறுபது வயதுக்குக் கீழே, 5,00,000 என்றால் 0. 5,00,010 என்றால் 13,000. 10,00,000 என்றால் 1,17,000. 50 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் (வரியின் மேல் இன்னொரு கூடுதல் வரி) வரும், அதற்கும் தனியாக ரிலீஃப் உண்டு. அந்த அளவு வருமானத்துக்கு வீட்டு ஷீட்டை நம்பாமல் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ரிட்டர்ன் போட்ட பிறகு வரும் 143(1) அறிவிப்பையும் இதே ஷீட்டில் வைத்துப் பாருங்கள். அதில் நீங்கள் காட்டிய எண்ணும் துறை கணக்கிட்ட எண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாகவே இருக்கும். ரீஃபண்ட் குறைந்திருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள், முதலில் பிரியும் வரிசையை அடிக்கோடிடுங்கள். எங்கள் வீட்டில் வந்தவற்றில் பெரும்பாலும் அது டிடிஎஸ் வரிசை. யாரோ பிடித்த வரியை இன்னும் 26ஏஎஸ்ஸில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அப்போது ஷீட்டை விட்டுவிட்டு, பிடித்தவர்களைத் தொடர்புகொண்டு அவர்களுடைய டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தச் சொல்லுங்கள், 26ஏஎஸ்ஸில் ஏறியதும் திருத்த விண்ணப்பம் போடலாம்.